வெஸலே பேராலயம்: நாம் பார்ப்பது 12ஆம் நூற்றாண்டா, 19ஆம் நூற்றாண்டா?

பொன்னி_லியோன்:
வேறொரு இழையில் ஒருவர், "வெஸலேயா? அது முழுக்க 19ஆம் நூற்றாண்டு டூப்ளிகேட். அதைப் பார்க்கவா அவ்வளவு தூரம்?" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அங்கே பதில் போட்டால் பேச்சு திசைமாறும், அதனால் தனி இழை.

தெரியாதவர்களுக்கு: பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் ஒரு குன்றின் உச்சியில் நிற்கும் மகதலா மரியா பேராலயம் இது. பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடமாக இருந்தது. மகதலா மரியாவின் எலும்புகள் தங்களிடம்தான் இருக்கின்றன என்று துறவிகள் சொல்ல, 11ஆம் நூற்றாண்டில் கூட்டம் குவிய ஆரம்பித்தது. 1120 ஜூலையில், அவர் திருநாளுக்கு முந்தின நாள், பழைய நடுக்கூடம் (மக்கள் கூடும் நீண்ட மையப் பகுதி) தீப்பிடித்து எரிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மடிந்ததாகப் பழைய குறிப்பு சொல்கிறது. அதற்குப் பிறகு எழுந்ததுதான் இன்று நிற்கும் நடுக்கூடம். 1146 ஈஸ்டரில் பெர்னார்து என்ற துறவி இரண்டாம் சிலுவைப் போருக்கு ஆள் திரட்டியது இந்தக் குன்றில்தான். 1190இல் இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டும் பிரான்ஸ் மன்னர் பிலிப்பும் படையோடு சந்தித்ததும் இங்கேயே.

என் கட்சி இதுதான்: முகப்பை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் 'டூப்ளிகேட்' என்று சொல்வதில் நியாயம் உண்டு. முகப்பைத் தாண்டி முன்மண்டபத்துக்குள் நுழைந்து, அங்கிருந்து நடுக்கூடத்துக்குப் போகும் நடுவாயிலின் மேலே அண்ணாந்து பார்த்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். அந்த அரைவட்டச் சிற்பம் 1130 வாக்கில் செதுக்கியது, அசல்.

கல்லும்_கணக்கும்:
பொன்னி சொல்வது சரி, ஆனால் எதிர்க்கட்சிக்கும் கொஞ்சம் பேசுகிறேன்.

1834இல் நினைவுச்சின்ன ஆய்வாளராக அங்கே போன ப்ரோஸ்பெர் மெரிமே, உள்ளே உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தபோது சிறு சிறு கற்கள் பெயர்ந்து தன்னைச் சுற்றி விழுந்துகொண்டே இருந்ததாக அறிக்கையில் எழுதினார். அந்த நிலையில் இருந்த கட்டடத்தை 1840இல் கட்டடக்கலைஞர் வியோலே லெ டூக் கையில் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 26. வேலை முடிந்தது 1859இல். இடையில் என்னவெல்லாம் நடந்தது என்று பாருங்கள்.

முகப்பின் நடுவாயில் சிற்பம் பிரெஞ்சுப் புரட்சியின்போது கொத்திச் சிதைக்கப்பட்டிருந்தது. இன்று அங்கே இருக்கும் 'இறுதித் தீர்ப்பு' மிஷேல் பாஸ்கல் என்ற சிற்பி 1856இல் செய்தது. பழைய சிதைந்த கல்லை இறக்கி வெளியே வைத்திருக்கிறார்கள். நடுக்கூடத்தின் வளைகூரை பல இடங்களில் பிரித்துக் கட்டப்பட்டது. வெளியே வில்லாக வளைந்து சுவரைத் தாங்கும் முட்டுகள் புதிதாகக் கட்டியவை. தூண்தலைச் சிற்பங்களில் நைந்துபோனவற்றை இறக்கிவிட்டுப் பிரதி வைத்தார்கள்.

இதிலெல்லாம் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. வேறு வழியில்லை, விட்டிருந்தால் இன்று ஒரு கற்குவியல்தான் மிஞ்சியிருக்கும். நான் மன்னிக்காத இடம் ஒன்று உண்டு. நடுக்கூடத்தின் கிழக்கு முனையில் சில பிரிவுகளுக்குப் பிற்காலத்தில் கோத்திக் பாணியில் விலாவளைவுக் கூரை போட்டிருந்தார்கள். வியோலே லெ டூக் அவற்றை எடுத்துவிட்டு, மற்றப் பகுதியோடு ஒத்துப்போகட்டும் என்று ரோமனெஸ்க் (கோத்திக்குக்கு முந்திய) பாணிக் கூரையாக மாற்றினார். அது பழுதுபார்ப்பு அல்ல. இடைக்காலத்தவர்கள் கட்டியதை, இடைக்காலம் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று தான் நினைத்த வடிவத்துக்காகக் கழித்துக்கட்டியது. புனரமைப்பு என்றால் எந்தக் காலத்திலும் இருந்திராத ஒரு முழுமைக்குக் கட்டடத்தைக் கொண்டுவருவதுகூடச் சேரும் என்று அவரே பின்னாளில் எழுதிய ஆள்தானே.

சாம்பல்குருவி:
அப்போ டூப்ளிகேட் என்று சொன்னவர் சொன்னதில் என்ன தப்பு? கூரை புதுசு, முகப்பு புதுசு, முட்டு புதுசு, தூண்தலையும் பிரதி. மிச்சம் என்ன இருக்கிறது?

கல்லும்_கணக்கும்:
தூண்தலை எல்லாமே பிரதி என்று நான் சொல்லவில்லை. நடுக்கூடத்திலும் முன்மண்டபத்திலும் சேர்த்து நூற்றுக்கு மேல் இருக்கின்றன. பெரும்பாலானவை அசல். இறக்கிய மூலங்களையும் தூக்கிப் போடவில்லை, பக்கத்திலேயே அருங்காட்சியகம் வைத்துக் காட்டுகிறார்கள். தூண், சுவர், வளைவுகளின் அமைப்பு எல்லாம் பழையதே.

பொன்னி_லியோன்:
சாம்பல்குருவி, மிச்சம் என்ன என்றுதானே கேட்டீர்கள்? உள்வாயிலைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன்.

நடுவில் கிறிஸ்து, சாதாரண மனித அளவைவிடப் பெரிது. இரு பக்கமும் கை விரித்திருக்கிறார். விரல்களிலிருந்து கதிர்கள் புறப்பட்டுப் பன்னிரண்டு திருத்தூதர்களின் தலைமேல் போய் விழுகின்றன. பெந்தக்கோஸ்து நாளில் தூய ஆவி இறங்கியதையும், உலகெங்கும் போய் நற்செய்தி சொல்லுங்கள் என்று அனுப்பியதையும் ஒரே காட்சியில் வைத்திருக்கிறார் சிற்பி.

அந்த உடையைப் பாருங்கள். கிறிஸ்துவின் முழங்கால்கள் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கின்றன, மார்பு நேராக இருக்கிறது. இடுப்பில் துணி மடிப்புகள் ஆற்றுச் சுழிபோல் வட்டமாகச் சுற்றுகின்றன, முழங்காலில் இன்னொரு சுழி. கீழே பாதத்துக்கு அருகில் துணி காற்றில் எகிறி நிற்கிறது. கோடுகள் எல்லாம் மிக நெருக்கமாக, இணையாக, ஆழமில்லாமல் உளியால் இழுத்தவை. ஓலைச்சுவடியில் எழுத்தாணி கொண்டு கீறத் தெரிந்தவர் கை மாதிரி என்று சொல்ல ஆசைதான். ஆனால் அங்கே இருந்தது தோல் ஏடும் மையும். அந்த ஏடுகளில் வரைந்த ஓவியக் கோடுகளைத்தான் கல்லில் கொண்டுவந்திருக்கிறார் என்று கலை வரலாற்றாளர்கள் சொல்வது எனக்கு முழுக்க ஒத்துக்கொள்ள முடிகிறது.

சில தலைகளும் கைகளும் போய்விட்டன. ஆனால் யாரும் அவற்றைப் 'பூர்த்தி' செய்யவில்லை. முன்மண்டபக் கூரையின் கீழ் இருந்ததால் மழையும் பனியும் படவில்லை. வெளிச்சிற்பத்துக்கு வந்த கதி இதற்கு வராமல் போனது பெரிய அதிர்ஷ்டம்.

கிறிஸ்துவைச் சுற்றி எட்டுக் கட்டங்கள், கீழே உத்தரத்தில் நீளமாக ஒரு வரிசை. நற்செய்தி போய்ச் சேரவேண்டிய உலக மக்கள் எல்லோரும் அங்கே இருக்கிறார்கள். நாய்த்தலை மனிதர்கள் ஒரு கட்டத்தில். உத்தரத்தின் வலது கோடியில் பெரும்காது மனிதர்களின் குடும்பம். அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு குள்ளன், குதிரை மேல் ஏற ஏணி சாத்துகிறான்! ஏணியோடு இருக்கும் அந்த ஆளை நேரில் பார்த்துவிட்டு யாராவது சிரிக்காமல் வந்திருந்தால் சொல்லுங்கள்.

நாஞ்சில்_வாசகன்:
பொன்னி அக்கா, அந்த நாய்த்தலைக்காரர்கள் நம்ம பக்கத்து ஆட்கள் தெரியுமா?

கிறிஸ்து பிறப்பதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன் பாரசீக அரசவையில் மருத்துவராக இருந்த கிரேக்கர் க்டேசியாஸ், இந்தியாவைப் பற்றி எழுதும்போது அங்கே மலைகளில் நாய்த்தலை மனிதர்கள் வாழ்கிறார்கள், பேச்சுக்குப் பதில் குரைக்கிறார்கள் என்று எழுதிவைத்தார். மனிதர் இந்தியா பக்கமே வந்ததில்லை. மௌரியர் அவைக்குத் தூதராக வந்த மெகஸ்தனீஸ், காதை விரித்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறவர்கள் உண்டு என்று சேர்த்தார். ரோமின் பிளினி எல்லாவற்றையும் தொகுத்து எழுதினார். அவர் குள்ளர்களுக்கும் இந்திய மலைகளில் ஓர் இடம் கொடுத்திருக்கிறார். அதிலிருந்து ஸ்பெயினின் செவில் நகர் ஆயர் இசிதோர் எடுக்க, அவர் நூல் ஐரோப்பா முழுக்க மடத்து நூலகங்களில் இருந்தது. வெஸலே துறவிகள் சிற்பிக்குச் சொன்னது இந்த வழியில் வந்த சங்கதி.

சுவாரசியம் அடுத்ததில்தான். மெகஸ்தனீஸ் அந்தக் காதுக்காரர்களைத் தானாகக் கற்பனை செய்யவில்லை. மகாபாரதத்தில் சபா பருவத்தில் சகாதேவன் தென்திசையில் வென்றவர்கள் பட்டியலில் 'கர்ணப்பிராவரணர்' வருகிறார்கள், அதாவது காதையே போர்வையாகக் கொண்டவர்கள். பாடலிபுத்திரத்தில் யாரோ சொன்ன கதையை அவர் அப்படியே குறித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆயிரத்து நானூறு ஆண்டு கழித்து அது பர்கண்டி சுண்ணாம்புக்கல்லில் போய் உட்கார்ந்திருக்கிறது.

பொன்னி_லியோன்:
அருமை! ஒரு சின்ன திருத்தம் மட்டும். இசிதோர் பெருங்காதர்களை ஸித்தியாவில், அதாவது கருங்கடலுக்கு வடக்கே வைக்கிறார். வெஸலே சிற்பி மனதில் இந்தியா இருந்திருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. 'உலகத்தின் ஓரம்' என்பதுதான் அவருக்கு முக்கியம்.

நாஞ்சில்_வாசகன்:
ஒப்புக்கொள்கிறேன், காதுக்கு. நாய்த்தலையை விட்டுக்கொடுக்க மாட்டேன் :)

லாச்சப்பல்_குமரன்:
நான் பாரிசில் இருக்கிறேன். பெடியளோடு போய் வந்த இடம்தான். ஆனால் இந்த இழையைப் படிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. எல்லோரும் 'உலக மக்கள் எல்லோரையும் அரவணைக்கும் சிற்பம்' என்கிறீர்கள். அதே குன்றில்தான் சில ஆண்டுகளில் சிலுவைப் போருக்கு ஆள் சேர்த்தார்கள். நாய்த்தலை வைத்துக் காட்டுவது அரவணைப்பா, அவமதிப்பா? அண்டை அயல் சமயத்தவரை மனிதரில் சேர்க்காமல் காட்டுகிற வேலை என்றே எனக்குப் படுகிறது.

பொன்னி_லியோன்:
நல்ல கேள்வி குமரன். காட்சனெல்லன்போகன் என்ற கலை வரலாற்றாளர் 1944இலேயே இந்த வாயிலை முதல் சிலுவைப் போரோடு பொருத்திக் கட்டுரை எழுதினார். போரும் ஒரு மறைப்பணி என்று அன்றைக்கு நினைத்தார்கள், அதன் படம் இது என்பது அவர் வாதம். பெர்னார்து பேசிய 1146க்கு முன்பே செதுக்கி முடித்தது என்பதால் அந்தப் பேச்சோடு நேரடியாக முடிச்சுப் போட முடியாது.

என் பார்வை கொஞ்சம் வேறு. அதே மாதிரி விசித்திர மனிதர்களை நரகத்தில் போட்டிருந்தால் அவமதிப்பு என்று உடனே சொல்லிவிடலாம். இங்கே அவர்கள் கிறிஸ்துவை நோக்கி வருகிற வரிசையில் நிற்கிறார்கள். நாய்த்தலையனுக்கு ஆன்மா உண்டா என்று இடைக்காலத்தில் உண்மையாகவே விவாதித்திருக்கிறார்கள். வெஸலே வாயில் 'உண்டு' என்று பதில் சொல்கிறது. அதற்காக ஏளனம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஏணி வைத்து ஏறுகிற குள்ளனிடம் ஏளனம் இருக்கிறது.

லாச்சப்பல்_குமரன்:
ஆன்மா உண்டு, ஆனால் எங்கள் வழிக்கு வந்தால்தான் மனிதத் தலை. அப்படித்தானே அக்கா? எனக்கு இதில் சமாதானம் இல்லை. சிற்பம் அழகு என்பதில் மறுப்பும் இல்லை.

சேது_கட்டுமானம்:
சிற்பத்தை விட்டுக் கொஞ்சம் கட்டடத்துக்கு வாருங்கள்.

அந்தக் காலத்துப் பெரிய பர்கண்டி ஆலயங்கள், க்ளூனி, ஓத்தன் எல்லாம், நடுக்கூடத்துக்கு மேல் நீளமான கூர்முனை உருளைக் கூரை போட்டவை. உருளைக் கூரை தன் நீளம் முழுக்கச் சுவரை வெளியே தள்ளும். அதனால் சுவரில் பெரிய சன்னல் வைக்கப் பயப்படுவார்கள். வெஸலே கட்டியவர் அந்த வழியை விட்டுவிட்டு, ஒவ்வொரு பிரிவுக்கும் இரண்டு உருளைகள் குறுக்காக வெட்டிக்கொள்ளும் கூரையைப் போட்டார். அப்போது தள்ளுவிசை மூலைகளில் வந்து சேரும், நடுச்சுவர் ஓரளவு விடுபடும், அங்கே சன்னல் வைக்கலாம். 62 மீட்டர் நீள நடுக்கூடம் அவ்வளவு வெளிச்சமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் மூலைத் தள்ளுவிசையைத் தாங்க வெளியே வலுவான முட்டு வேண்டுமே? அது தெரியாத காலம். சுவர் மெல்ல வெளியே சாய்ந்துவிட்டது. குறுக்கு வளைவுகள் அரைவட்டமாக இருந்தவை தட்டையாகிவிட்டன. மேற்கு வாசலில் நின்று வளைவுகளை வரிசையாகப் பார்த்தால் ஒன்றுக்கொன்று வடிவம் மாறுவது வெறும் கண்ணுக்கே தெரியும். வெள்ளையும் பழுப்புமாகக் கல்லை மாற்றி மாற்றி அடுக்கியிருப்பதால் கோணல் இன்னும் எடுப்பாகத் தெரிகிறது.

ஆகவே கல்லும்_கணக்கும் அவர்களுக்கு: வியோலே லெ டூக் முட்டுகளைத் திருத்திக் கட்டியதைப் புது வேலை என்று பட்டியலில் சேர்க்காதீர்கள். அவர் வந்திராவிட்டால் கட்டடமே இல்லை.

சாம்பல்குருவி:
சேது அண்ணே, ஜூன் மாதம் நடுக்கூடத் தரையில் வெளிச்சப் புள்ளிகள் வரிசையாக விழுமாமே? 'ஒளிப்பாதை' என்று வீடியோ எல்லாம் சுற்றுகிறது. அது உண்மையிலேயே திட்டம் போட்டுச் செய்ததா?

சேது_கட்டுமானம்:
நிகழ்வது உண்மை. அங்கிருந்த பிரான்சிஸ்கன் துறவி ஊக் தெலோத்ர் 1976இல் கவனித்துச் சொன்னார். ஜூன் 21ஐ ஒட்டிய நாட்களில் சூரியன் உச்சியில் இருக்கும்போது தெற்குப்பக்க மேல்சன்னல்களின் வெளிச்சம் நடுக்கூடத்தின் நட்டநடுவே வரிசையாக விழுகிறது. கடிகார நேரம் பிற்பகல் இரண்டு மணியை ஒட்டி வரும், கோடைக்கால நேரம் என்பதால். டிசம்பரில் அதே வெளிச்சம் எதிர்ப்பக்கத்து மேல் தூண்தலைகளில் படுகிறது.

கணக்கு எளிது. வெஸலே சுமார் 47.5 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஜூனில் நண்பகல் சூரியன் 66 பாகை உயரத்தில், டிசம்பரில் 19 பாகைதான். 66 பாகையில் வரும் கதிர், சன்னல் உயரத்தில் ஏறத்தாழ நாற்பத்தைந்து சதவீத தூரம் உள்ளே தள்ளித் தரையைத் தொடும். 12 மீட்டர் உயரச் சன்னல் என்று வைத்தால் ஐந்தரை மீட்டர் உள்ளே. 19 பாகையில் வரும் கதிர் பத்து மீட்டர் குறுக்கே போவதற்குள் மூன்றரை மீட்டர்தான் இறங்கும், அதனால் எதிர்ச்சுவரில் மோதும். உயரம் விளக்கத்துக்காக எடுத்தது, ஆனால் தத்துவம் இதுதான். ஒரே சன்னல் இரண்டையும் செய்கிறது.

திட்டமிட்டதா என்றால், நான் சந்தேகப்படுகிறவன். உள்வாயில் நடுத்தூணில் திருமுழுக்கு யோவான் நிற்கிறார், அவர் திருநாள் ஜூன் 24, ஆகவே எல்லாம் பொருந்துகிறது என்கிறார்கள். ஆனால் 12ஆம் நூற்றாண்டில் பழைய ஜூலியன் நாட்காட்டி. அன்றைக்கு நீண்ட பகல் ஜூன் 14 வாக்கிலேயே வந்துவிட்டது.

பொன்னி_லியோன்:
நாட்காட்டி வாதம் அவ்வளவு வலுவில்லை. பத்து நாள் தள்ளிப் போனாலும் சூரியனின் உச்சி உயரம் அரைப் பாகைகூட மாறாது. யோவான் திருநாளிலும் வெளிச்சம் நடுவில்தான் விழுந்திருக்கும். இன்னொன்று: வாயில் சிற்பத்தின் வெளி வளைவில் ராசிகளும் மாதவாரிப் பண்ணை வேலைகளும் வட்ட வட்டமாக இருக்கின்றன. கிறிஸ்துவின் தலைக்கு நேர் மேலே, கடகத்துக்கும் சிம்மத்துக்கும் நடுவே, உடம்பை வளைத்துச் சுருண்ட ஒரு நாய், ஒரு கழைக்கூத்தாடி, ஒரு கடல்கன்னி. ஆண்டின் நடுவை உச்சியில் வைத்திருக்கிறார்கள் என்பது தற்செயல் என்று நீங்கள் சொல்வீர்களா?

சேது_கட்டுமானம்:
சிற்பிக்கு ஆண்டின் நடு முக்கியம், ஒப்புக்கொள்கிறேன். சன்னல் வைத்த கொத்தனாருக்கும் அதே எண்ணம் இருந்தது என்பதற்கு அது சான்று ஆகாது. கூரை தொடங்கும் உயரமும் பக்கக்கூடக் கூரையின் உயரமும் சேர்ந்து சன்னலுக்கு ஓர் இடத்தைத்தான் விட்டுவைக்கின்றன.

தெரசா_டீச்சர்:
யாருமே யூதாஸ் தூண்தலையைப் பற்றிப் பேசவில்லையே! நடுக்கூடத்தில் ஒரு தூண்தலையின் ஒரு பக்கத்தில் யூதாஸ் தூக்கில் தொங்குகிறான், நாக்கு வெளியே தள்ளியிருக்கிறது. அடுத்த பக்கத்தில் ஒருவர் அவன் உடலைத் தோளில் சுமந்து போகிறார். தொலைந்த ஆட்டைத் தோளில் போட்டுவரும் நல்ல ஆயன்தான் அவர், யூதாசைக்கூட இயேசு கைவிடவில்லை என்று விளக்கம் சொல்கிறார்கள். போப் பிரான்சிஸ் இந்தச் சிற்பத்தைப் பற்றிப் பலமுறை பேசியிருக்கிறார். எங்கள் மறைக்கல்வி வகுப்பில் படம் காட்டினால் பிள்ளைகள் வாயடைத்துப் போய்விடுவார்கள்.

கல்லும்_கணக்கும்:
டீச்சர், மனதைத் தொடும் விளக்கம்தான். ஆனால் சுமக்கிறவர் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் இல்லை. அந்தக் காலத்துச் சிற்பி கிறிஸ்துவைக் காட்டினால் சிலுவை பொறித்த ஒளிவட்டம் போடாமல் விடுவது அரிது. பிணத்தைப் புதைக்க எடுத்துப்போகிற ஆள் என்று பல ஆய்வாளர்கள் சொல்வதில்தான் எனக்கு நம்பிக்கை. அதே பர்கண்டியில் ஓத்தனிலும் யூதாஸ் தூக்குத் தூண்தலை உண்டு. அங்கே இரண்டு பக்கமும் பேய்கள் கயிற்றை இழுக்கின்றன, இரக்கத்துக்கே இடமில்லை.

தெரசா_டீச்சர்:
ஓத்தனில் பேய், வெஸலேயில் பேய் இல்லை. அந்த வித்தியாசத்துக்கு நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? ஒளிவட்டக் கணக்கு எனக்கும் தெரியும். ஆயினும் சிற்பி அந்தச் சுமையை இன்னொரு பக்கம் முழுக்க எடுத்துச் செதுக்கியிருக்கிறார், சும்மா இடம் நிரப்ப அல்ல.

பொன்னி_லியோன்:
தீராத விவாதம் இது. நான் டீச்சர் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன், ஆதாரம் கல்லும்_கணக்கும் பக்கம் இருந்தாலும்.

எனக்குப் பிடித்தது 'மறைபொருள் ஆலை'. தெற்குப் பக்கக்கூடத்தில் இருக்கிறது. குட்டை அங்கி போட்ட ஒருவர் குனிந்து தானியத்தை ஆலைக்குள் கொட்டுகிறார். எதிரே தாடிக்காரர் ஒருவர் பையைப் பிடித்து மாவை வாங்குகிறார். கொட்டுவது மோசே, வாங்குவது பவுல். பழைய ஏற்பாட்டுத் தானியம் கிறிஸ்துவழியாக அரைபட்டு மாவாகிறது. ஆலைச் சக்கரத்தின் குறுக்குச் சட்டங்கள் சிலுவையாக இருக்கின்றன. சாதாரண கண்ணுக்கு ஊர் மாவு மில்லில் நிற்கும் இரண்டு ஆட்கள்தான். பையின் வாயைப் பிடித்திருக்கும் விரல்களின் இறுக்கத்தைப் பாருங்கள், மாவு சிந்தக் கூடாது என்ற கவனம் அதில் இருக்கிறது. இதே எண்ணத்தை அதே காலத்தில் பாரிசை ஒட்டிய சான் தெனி மடத்தில் அதன் தலைவர் சுஜேர் ஒரு கண்ணாடிச் சன்னலுக்குச் செய்யுளாக எழுதிவைத்தார்.

இன்னொரு தூண்தலையில் புனித யூஜீனியா. ஆண்வேடத்தில் துறவியாக வாழ்ந்தவர் மீது பொய்ப்பழி. நீதிபதி இருக்கையில் இருப்பவரோ அவருடைய சொந்த அப்பா. அங்கியைத் திறந்து தான் பெண் என்று நிரூபிக்கிறார். ஆண் துறவிகள் மட்டுமே இருந்த மடத்தில் இந்தக் கதையைத் தேர்ந்தெடுத்தவர் யாரோ, அவரிடம் பேசிப் பார்க்க ஆசை.

சாம்பல்குருவி:
சரி, போய்த்தான் பார்க்க வேண்டும் போல. எப்படிப் போவது?

லாச்சப்பல்_குமரன்:
பாரிசில் பெர்சி நிலையத்திலிருந்து செர்மிசேல்-வெஸலே வரை ரயில். அங்கிருந்து சுமார் பத்து கிலோமீட்டர். பஸ் அடிக்கடி இல்லை, டாக்சி முன்கூட்டியே சொல்லி வையுங்கோ. கார் என்றால் கீழேயே நிறுத்திவிட்டு ஏறவேண்டும். பிரெஞ்சு எழுத்தாளர் ரோமென் ரோலான் கடைசிக் காலத்தில் வாழ்ந்து 1944இல் இறந்த வீடும் மேலே போகும் தெருவில்தான் இருக்கிறது. காந்தியையும் ராமகிருஷ்ணரையும் பற்றி எழுதினவர் என்பதால் நம்மவர்கள் அங்கே நின்று படம் எடுப்பார்கள். இப்போது அது ஓவிய அருங்காட்சியகம்.

கல்லும்_கணக்கும்:
பைனாகுலர் கட்டாயம். தூண்தலைகள் உயரத்தில் இருக்கின்றன, வெறும் கண்ணுக்குப் பாதிதான் கிடைக்கும். முன்மண்டபத்தில் நடுவாயிலோடு பக்க வாயில்கள் இரண்டும் சிற்பத்தோடு இருக்கின்றன, கூட்டம் நடுவாயிலையே பார்த்துவிட்டு அவற்றைத் தாண்டிப் போய்விடும். முதலில் அருங்காட்சியகத்தில் இறக்கிவைத்த மூலங்களைக் கண்மட்டத்தில் பார்த்துவிட்டு உள்ளே போனால் எது பழைய உளி, எது 1850களின் உளி என்று உங்களுக்கே பிடிபடும். பிரதிகளில் விளிம்பு எல்லாம் ஒரே சீராக இருக்கும்.

சாம்பல்குருவி:
குறித்துக்கொண்டேன். ஜூனில் போனால் சேது அண்ணனுக்காக டேப் எடுத்துப் போய்ச் சன்னல் உயரத்தை விசாரித்துவிட்டு வருகிறேன்.

சேது_கட்டுமானம்:
டேப் எட்டாது தம்பி. தரையில் வெளிச்சப் புள்ளிக்கும் தெற்குச் சுவருக்கும் உள்ள தூரத்தை அளந்து அனுப்புங்கள், உயரத்தை நான் போட்டுக்கொள்கிறேன். நேரத்தையும் நிமிஷத்தோடு குறித்து வையுங்கள்.